நாற்பது ஆமென்

அக்காவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை.

என் மகனைப் போலீஸ் பிடித்துப்போனதை, தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரி என்று நம்பி, உங்களிடம் மட்டும் சொன்னேன். நீங்களோ சபைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடி, மைக்கைப் பிடித்து, "ஆண்டவரே, இந்தத் தங்கச்சியோட மகன் திருடினதை மன்னியும்" என்று உருகினீர்கள். நாற்பது பேர் ஆமென் போட்டார்கள். அவன் திருடவில்லை அக்கா!

கேட்டதற்கு, "எல்லாரும் உனக்காக ஜெபிக்கட்டும்னு ஜெபக்குறிப்பாத்தானே சொன்னேன், கோவிச்சுக்காதே" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் கத்தித் தீர்த்தேன். அவரையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவேன். முன்வரிசையில் என் இடத்தில் உங்கள் பையை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெபக்குறிப்பு