வட்டக் கூண்டுக் கப்பல்

காவித்தே, மணிலா
12 ஜூன் 1923

அன்பு மனைவி ஜாஹிதாவுக்கு, கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீயும் உன் அண்ணன் அபூபக்கர் காக்காவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன மீலாது முடிந்து புறப்பட்டவன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். நல்ல சேதி கிடைத்தபின் எழுதலாம் என்றிருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. மொனாட்நாக் என்ற பழைய அமெரிக்கப் போர்க்கப்பலில் காவல் வேலை. மேல்தளப் பலகை இடுக்குகளில் நார் திணித்து அடைக்கும் நம் கலப்பத்து வேலையும் உண்டு.

மானிட்டர் என்கிறார்கள் இந்த வகைக் கப்பலை. பார்த்தால் நீ சிரிப்பாய். மேல்தளம் தண்ணீருக்கு மேல் இரண்டு முழம்கூட இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என வட்டமான இரும்புக் கூண்டுகள், கூண்டுக்கு இரண்டு பீரங்கி. சண்டையில் கப்பலைத் திருப்ப வேண்டாம், கூண்டைத் திருப்பினால் போதும். கொஞ்சம் அலை அடித்தாலும் தளம் முழுகிவிடும். இந்த உடம்போடு அமெரிக்கா ஸ்பெயினோடு சண்டை போட்ட வருஷத்தில் பெருங்கடலையே தாண்டி இங்கே வந்ததாம். பிறகு நீர்மூழ்கிகளுக்குத் துணையாக நின்றது. இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது, சீக்கிரம் விற்றுவிடுவார்கள்.

காக்காவுக்கு ஸலாம். அவர் பேசியதை நான் மறந்துவிட்டேன்.

இப்படிக்கு,
கபீர்


கோத்தா திங்கி, ஜோகூர்
9 ஜூலை 1923

மச்சானுக்கு ஜாஹிதா ஸலாம்.

இத்தனை மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தால் ஒரு கப்பலைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று ஒரு கேள்வி கிடையாது. பெண்டாட்டி கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று காக்கா சொன்னது தப்புத்தான். சொன்னது அவர். நீங்கள் விட்டுப் போனது என்னை.

ஒரு காரியம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். நம் நிக்காஹ் அன்று காதி மலாயில் சொல்லச் சொல்ல நீங்களும் பின்னாலேயே சொன்னீர்களே, அது என்ன என்று தெரியுமா? தக்லீக். மனைவியை விட்டுப் போய் ஆறு மாதம் செலவுக்கும் கொடுக்காமல் சேதியும் அனுப்பாமல் இருந்து, அவள் காதியிடம் போய் முறையிட்டால் தலாக் விழும் என்று நீங்களே வாயால் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஊரில் எல்லா மாப்பிள்ளையும் சொல்வதுதான். ஊரிலிருந்து வந்த நம் ஆட்கள்தான் அர்த்தம் தெரியாமல் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. முறையிடு என்று காக்கா தினமும் சொல்கிறார். மூவாரில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் என்னைப் பெண் கேட்கிறாராம். அடுத்த மீலாது வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

ஜாஹிதா


காவித்தே
28 ஆகஸ்ட் 1923

என் ஜாஹிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் அந்தத் தக்லீக்கை ஏதோ துஆ என்று நினைத்தேன். முடிந்ததும் எல்லாருக்கும் முந்தி ஆமீன் என்றுகூடச் சொன்னேன். உங்கள் ஆட்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

பீரங்கிக்காரராக இருந்து இங்கேயே கல்யாணம் கட்டித் தங்கிவிட்ட ஓர் அமெரிக்கர் மாலையில் பேச வருவார். இந்த வகையில் முதன்முதல் கட்டிய கப்பலின் பெயர்தான் மானிட்டராம். அதன் கூண்டு தளத்தில் பதித்த ஒரு வளையத்தின்மேல் தன் பாரத்தாலேயே அழுந்தி உட்காரும். கட்டியவர் அப்படியே விடச் சொன்னார். கடலுக்குப் போகுமுன் கப்பல் துறை ஆட்கள் தண்ணீர் கசியுமோ என்று பயந்துபோய்க் கூண்டைத் தூக்கி அடியில் நாரைத் திணித்தார்களாம். புயலில் அலை அந்த நாரைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் புகுந்து, கப்பல் பதினாறு பேரோடு முழுகிப் போனதாம். நான் அங்கே இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன். ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் இந்தக் கைக்குத் தெரியும். பேசினால் சண்டை பெரிதாகும் என்று வாயையும் அப்படித்தான் அடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன்னை நினைக்காத நாள் இல்லை, ஜாஹிதா.

போன வாரம் கப்பலை விற்றுவிட்டார்கள். உடைக்கும் வேலையில் என்னை மேஸ்திரியாக இருக்கச் சொல்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு. முடித்துவிட்டு வந்தால் காக்கா முன்னால் நிமிர்ந்து நிற்கலாம். இருக்கட்டுமா, வரட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்,
கபீர்


கோத்தா திங்கி
20 செப்டம்பர் 1923

மச்சானுக்கு,

முடிவை என் தலையில் கட்டாதீர்கள். போகும்போது என்னைக் கேட்டா போனீர்கள்?

போன வெள்ளிக்கிழமை காதி நம் கடைக்குப் பசியாற வந்தார். காக்கா அவருக்குச் சாயா வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார். முறையீடு பெண்ணின் வாயிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, காதி என் பக்கம் திரும்பிப் புருஷனிடமிருந்து சேதி உண்டா என்று கேட்டார். உண்டு, இரண்டு கடிதம் என்றேன். என்ன எழுதியிருக்கிறார் என்றார். கப்பல் என்றேன். மனிதர் சாயா புரையேறச் சிரித்தார்.

"முறையீடு இருக்கா, இல்லையாம்மா?" என்று பிறகு கேட்டார்.

"இன்னைக்கு இல்லைங்க," என்றேன்.

இன்றைக்கு இல்லை என்றுதான் சொன்னேன் மச்சான். காக்கா முன்னால் நிமிர்ந்து நிற்க உங்களுக்கு ஒரு வருஷம் வேண்டும் என்கிறீர்கள். அவர் முன்னால் நான் தினமும் நிற்கிறேன்.

ஜாஹிதா


சிங்கப்பூர், தஞ்சோங் ரூ
14 அக்டோபர் 1923

ஜாஹிதாவுக்கு,

மேஸ்திரி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சரக்குக் கப்பலில் வந்துவிட்டேன். இங்கே தொங்காங் என்கிற ஒரு சரக்குப் படகில் கலப்பத்து பாக்கி இருக்கிறது. முடிந்ததும் அதே படகில் ஜோகூர் ஆற்றில் ஏறி மீலாதுக்கு முன்னால் அங்கே இருப்பேன். கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

படகில் வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவரிடம் தக்லீக்கை வரி வரியாகக் கேட்டுக்கொண்டேன். நியாயமான வார்த்தைகள்தான். அர்த்தம் தெரிந்திருந்தாலும் அன்று சொல்லித்தான் இருப்பேன். ஆகவே முறையிட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், காதி வீடு அக்கரைதானே, நானே படகு வைத்துக் கூட்டிப் போகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அதற்கு முன் ஒரு வேளை உன் கையால் சோறு போடு.

கபீர்


கோத்தா திங்கி
17 அக்டோபர் 1923

மச்சானுக்கு,

சோறு இருக்கிறது. வாருங்கள். காக்காவிடமும் சொல்லிவிட்டேன். எந்தப் படகு, எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

காதி வீட்டுக்குப் படகு வேண்டாம். இவர் புதுக் காதி, நீங்கள் போனபின் வந்தவர். நம் கடையிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். இத்தனை மாதமும் அந்த நாலு வீட்டை நான் தாண்டவில்லை.

உங்கள்,
ஜாஹிதா