தட்டி நிரப்பிய மணல்

2.4.1979
யமுனைக் கரையில் கட்டப்போகும் பம்பு ஹவுஸுக்கான மணல் இன்று எங்கள் மண் பரிசோதனை லாபுக்கு வந்தது. மூட்டையைத் தலையில் சுமந்து மாடியேறியவள் வீராயி. கரையில் பள்ளம் தோண்டும் கூலிக்காரி. தமிழ்க் கூலிக்காரர்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப்பில் குடிசை.
"ஊர்ல மண்ணுக்கு எரு போடுவோம்க்கா. நீங்க பரீட்சை வெக்கிறீங்களே!"
சிரித்துவிட்டேன். இந்தக் கட்டடத்தில் தமிழில் சிரித்து எத்தனை நாளாயிற்று!
"மார்க்க பாத்துப் போடுங்க. உள்ள எறங்கி நிக்கிறது நாங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5.4.1979
ஐந்து முறை சோதித்தேன். பெட்டியில் மணலை நிரப்பி, மேலே எடை ஏற்றி, பெட்டியின் மேல்பாதியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். எவ்வளவு பலத்துக்கு மணல் நழுவுகிறது என்று பார்த்துத்தான் பள்ளத்தின் கரையை எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம் என்று முடிவு செய்வார்கள்.
மணல் தாங்கும் கோணம் முப்பத்தாறு டிகிரி. நல்ல எண். கையெழுத்துப் போட்டேன்.

15.4.1979, ஞாயிறு
சர்க்கரையை டப்பாவில் கொட்டினேன். நிரம்பி வழிந்தது. மேடையில் டப்பாவை நாலு தட்டுத் தட்டினேன், இறங்கிக்கொண்டது. இன்னும் இரண்டு கரண்டி கொண்டது.
கை அப்படியே நின்றுவிட்டது.
அன்றைக்கு மணல் பெட்டியையும் தட்டினேனே. ஐந்து முறையும். அளவு மணல் கொள்ளவில்லை என்று, சமையலறைக் கையால். ஆற்றங்கரையில் அந்த மணலை யார் தட்டி வைத்தார்கள்? பொலபொலவென்று கிடப்பதை இறுக்கிவிட்டு, பலமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

16.4.1979
ராமசுப்ரமணியன் சாரிடம் சொன்னேன். லாபுக்கு அவர்தான் தலைமை.
"ரிப்போர்ட் போயாச்சும்மா. தட்டினேன், கொட்டினேன்னு இப்ப லெட்டர் எழுதினா லாபோட பேர் என்னாறது? சைட்ல எப்பவும் கொஞ்சம் மார்ஜின் விட்டுத்தான் வெட்டுவா."
தலையாட்டிவிட்டு வந்தேன்.

17.4.1979
சாப்பாட்டு இடைவேளையில், தட்டாமல் செய்து பார்த்தேன். இருபத்தொன்பது டிகிரிதான்.

18.4.1979
சைட் எஞ்சினியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பையில் இருக்கிறது.

24.4.1979
இன்னும் பையில்தான். சார் சொல்வது சரியாகவும் இருக்கலாமே? இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவருக்கு. எனக்கு? ஒரு பி.எஸ்சி.யும் பயமும்.

27.4.1979
சைட்டிலிருந்து போன். கரை சரிந்துவிட்டது. உள்ளே மூன்று பேர். இரண்டு பேரை உயிரோடு வெளியே இழுத்துவிட்டார்கள்.
மூன்றாவது ஆள் யார் என்று கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கேட்டேன்.
வீராயி.

29.4.1979
மதராசி கேம்ப் போனேன். அவள் புருஷன் காத்தவராயன் சாக்கடைப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.
"ஓரமாப் போவாதன்னு சொன்னாங்களாம், இவ கேக்கலியாம். காண்ட்ராக்டர் சொல்றான். அவ அப்பிடி ஆளில்லீங்க."
இல்லைன்னு எனக்குத் தெரியுமே. வாய் வரைக்கும் வந்துது. சொல்லலியே. டீ வாங்கிக் கொடுத்தார், குடிச்சிட்டு வந்தேனே நான் — மனுஷியா?

3.5.1979
விசாரணை அதிகாரியிடம் கடிதத்தை நேரில் கொடுத்தேன். இரண்டு எண்களும், கை தட்டியதும், பதினைந்து நாள் பையில் வைத்திருந்ததும், வீராயி மேல் தப்பில்லை என்பதும் சேர்த்து எழுதியிருந்தேன்.
"உங்க தலைல நீங்களே மண்ணை வாரிப் போட்டுண்டுட்டேள்" என்றார் சார்.

11.6.1979
விசாரணை முடிந்தது. தொழிலாளியின் கவனக்குறைவாம். என் கடிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

17.6.1979, ஞாயிறு
யமுனைப் பாலத்தில் பஸ் நின்றபோது பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கரையைச் சரிவாக, அகலமாக வெட்டியிருக்கிறார்கள். முன்பு வெட்டியது தப்பென்று யாரும் ஒரு வரி எழுதாமலே. பெண்கள் சட்டியோடு இறங்கிக் கொண்டிருந்தார்கள்.
அங்கிருந்து மதராசி கேம்ப். கடிதத்தின் நகலைக் காத்தவராயனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுவதும். அவர் என்னைத் திட்டவில்லை.
"அவ மேல தப்பில்லன்னு வருதே, அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் படிங்க" என்றார்.
படித்தேன்.