சிவப்பு நூல் கட்டிய கரண்டி

பிரான்ஸ்டன்
11 அக்டோபர் 2010

அன்புள்ள சைலஸுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உறைந்த கால்வாய் மார்ச் வரை இளகாமல் கிடந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. அந்தக் கோடையில்தான் தபால் ரயிலை மறித்துக் கொள்ளையடித்தார்கள். அந்த மார்ச்சுக்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை. நாற்பத்தேழு வருஷம்.

பழைய படகுக்காரர்கள் கூடிய இடத்தில் ஒருவன் உன் விலாசம் கொடுத்தான். எனக்கு இன்னும் எழுத்து தெரியாது. நூலகத்து மோர்டன் அம்மா நான் சொல்வதை எழுதுகிறார். "அழகு பண்ணாதீங்கம்மா, வாயில வர்றத அப்படியே போடுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. சில நாள் காலையில் கெட்டிலிடம் பேசிவிட்டு, சாயங்காலம்தான் அடுத்த வார்த்தை. அதனால் கால்வாய்க்குப் போய்விடுகிறேன். பதினேழாம் பாலத்தடியில் இப்போதும் வரிபோட்ட பெர்ச் மீன் கிடக்கிறது. முழங்கை நீளத்தில் பைக் மீனும் உண்டு, வாய் நிறையப் பல். இரை வாங்கக் கடைக்குப் போனால்தான் தலை சுற்றுகிறது. ரப்பர் குஞ்சுமீன், சுழலும் தகடு, எல்லாம் மிட்டாய்க்கடை மாதிரி. உறையில் எழுதியிருப்பது எனக்கு எதற்கு உதவும்? கடைக்காரப் பெண் "என்ன வேணும் தாத்தா?" என்றாள். "மீனுதான்" என்றேன்.

உன் படகுப் புகைபோக்கியின் பித்தளை வளையத்தை வெட்டி நீ செய்தாயே, மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் அந்தக் கரண்டி இரை இன்னும் என்னிடம் இருக்கிறது. பாலத்துச் சுவர் ஆணியில் நீ மாட்டிவிட்டுப் போனதுதான். எழுத்து தெரியாத நமக்கு அந்த ஆணிதானே தபால்பெட்டி. வெறும் கரண்டி தொங்கினால் "வா, காத்திருக்கிறேன்". சிவப்பு நூல் கட்டியிருந்தால் "காத்திருக்காதே, நான் போயாச்சு". நீ சிவப்பைக் கட்டிவிட்டுப் போனாய். நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் என் குறை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஏமஸ் டாலி
(பக்கத்திலிருக்கும் பெருக்கல் குறி நானே போட்டது.) X


பர்ட்டன்
2 நவம்பர் 2010

ஏமஸ்,

"அட முட்டாப் பயலே" என்று ஆரம்பிக்கச் சொன்னேன். என் மகள் ரூத் "மரியாதையா சொல்லுங்கப்பா, இல்லன்னா பேனாவ வச்சுடுவேன்" என்கிறாள். அதனால், அன்புள்ள முட்டாப் பயலே.

பனி இளகிய அந்த வாரம் தண்ணீர் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். கரையெல்லாம் கரைந்து பால் விட்ட தேநீர் மாதிரி. அதில் வெறும் பித்தளையை எந்த மீன் பார்க்கும்? கலங்கலுக்குச் சிவப்பு. பெர்ச் மீனுக்கு அதுதானே கண்ணை இழுக்கும். கம்பெனி என் படகைத் திரும்ப வாங்கிக்கொண்டது, நான் உடனே கிளம்ப வேண்டி வந்தது. நீங்களெல்லாம் நிலக்கரி ஏற்றப் போயிருந்தீர்கள். வந்ததும் சட்டிக்கு மீன் வேண்டுமே என்றுதான் நூலைக் கட்டி மாட்டினேன். நம் ஆணி அடையாளம் என் மண்டையில் ஏறவே இல்லை. மீன் நினைப்பில் இருந்தேன்.

அந்த நூல் உன் தங்கை ஹன்னாவின் சால்வையிலிருந்து வந்தது. அவளே பிரித்துக் கொடுத்தாள். பர்ட்டன் பீர் ஆலையில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வந்துவிடுங்கள் என்று உங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தேனே. மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் படகுத்துறையில் நின்றேன். ஒரு படகையும் விடவில்லை. நீங்கள் வராதபோது, அவளுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ரூத்தின் அம்மா வந்தாள். நல்லவள். அவளும் போய்விட்டாள்.

டாலி வீட்டுப் பெண்ணைப் புதைத்தார்கள் என்று பன்னிரண்டு வருஷம் முன்பு யாரோ சொன்னார்கள். எந்த இடம் என்று சொல். ரூத் காரில் கூட்டிவருவாள். பூ வைக்க வேண்டும்.

சைலஸ்


பிரான்ஸ்டன்
15 நவம்பர் 2010

அன்புள்ள சைலஸுக்கு,

உன் கடிதத்தை மோர்டன் அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

தண்ணீர் இப்போது தெளிந்து, அடியில் கிடக்கும் சைக்கிள் வரை தெரிகிறது. சிவப்பு நூல் கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, விரல் நீளத்தில் சாம்பல் நிற ரப்பர் மீன் போடுகிறேன். குளிருக்கு மெதுவாக, தரையை உரசி இழுக்க வேண்டியிருக்கிறது. நேற்று நான்கு பெர்ச். ஐந்தாவதாக ஒரு பைக் மீன் வந்து தூண்டில் நூலைக் கடித்துக்கொண்டு போனது. முனையில் கம்பி கட்டாதது என் தப்பு. கம்பி கட்டினால் தெளிந்த தண்ணீரில் பெர்ச் பார்த்துவிட்டு விலகுகிறது, கட்டாவிட்டால் பைக் மீன் அறுத்துவிடுகிறது. நீ என்ன செய்வாய்?

வேறு விசேஷம் இல்லை.

ஏமஸ் X


பர்ட்டன்
27 நவம்பர் 2010

ஏமஸ்,

கம்பியே கட்டு. நான்கு பெர்ச் குறைந்தாலும் பரவாயில்லை. வாயில் முள்ளோடு ஒரு மீனைத் திரிய விடாதே.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ பக்கம் முழுக்க மீனைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி, சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. இனிமேல் கேட்க மாட்டேன். நீயும் சிரமப்பட்டு எழுத வேண்டாம்.

சைலஸ்


பிரான்ஸ்டன்
9 டிசம்பர் 2010

அன்புள்ள சைலஸுக்கு,

கால்வாய் மறுபடியும் உறைந்துவிட்டது. பாலத்தடியில் நடந்தே போகலாம். தூண்டில் போட வழியில்லை, அதனால் மீனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இனி ஒளிய இடமும் இல்லை.

அன்று அந்தக் கரண்டியை ஆணியிலிருந்து எடுத்தது நான் இல்லை. ஹன்னா. தான் கொடுத்த நூல் திரும்பி வந்து தொங்குவதைப் பார்த்தாள். "அவன் போயிட்டான், நம்மள வேணாம்னுட்டான்" என்று சொன்னவன் நான். "பர்ட்டனுக்கு ஒரு தடவ போய்ப் பாக்கலாமா?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். "சிவப்பு கட்டிட்டான்ல, அப்புறம் என்ன?" என்று படகை மறுபக்கம் திருப்பினேன். அம்மாவுக்கு முடியாத காலம். ஹன்னாவும் போய்விட்டால் படகில் யார் கைகொடுப்பார்கள் என்பதும் என் மனதில் இருந்தது. இதை மோர்டன் அம்மாவிடம் சொல்லவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை எதிர் வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியையும் கொண்டுபோயிருந்தேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு தண்ணி கலங்கலா இருந்துச்சா?" என்றாள்.

"பால் விட்ட டீ மாதிரி."

"அப்ப வெறும் பித்தள தெரியாதுதான்." வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "ரெண்டு கழுதைக்கும் மீனத் தவிர வேற பேச்சே தெரியாது" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். "இங்க குடு அத."

தையல் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். எனக்கு ரொட்டி கொடுக்கவில்லை. இன்றுவரை என்னிடம் பேசவும் இல்லை. அது நியாயம்தான்.

கரண்டி இந்த உறைக்குள் இருக்கிறது, இப்போது வெறும் கரண்டி. எடுத்துப் பார். நூலை வெட்டியது என் கை இல்லை.

அந்த வருஷம் பனியில் சிக்கி நின்றது மூன்று படகு, எட்டுப் பேர். உன் அப்பா அடுத்த வருஷமே போனார். பிறகு என் அம்மா. பெஸ் கிழவியும் அவள் புருஷனும் ஒரே குளிர்காலத்தில். பன்னிரண்டு வருஷம் முன்பு புதைத்தது என் அக்கா மார்த்தாவை. மிச்சம் மூன்று பேர். நான் இருக்கிறேன். நீ இருக்கிறாய். எனக்கு எதிர் வீட்டில், இன்னும் டாலி என்ற பிறந்த வீட்டுப் பெயரோடேயே, ஹன்னா.