உன் வெப்சைட்டை இறக்கப் போகிறேன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்பதை இதைப் படித்து முடிக்கும்போது நீயே தெரிந்துகொள்வாய். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கண் எரியாமல் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் நான் பாதியில் பேச்சை மாற்றுவேன், நீ உடனே சரிம்மா விடும்மா என்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அப்பா ஒரு நோயாளிக் கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, கழற்றித் தூக்கி மேலே கொண்டுபோய் மாட்டிவிட்டு வர எப்படியும் இரண்டு மணி நேரமாகும். அதற்குள் கடையில் உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருக்கும் எனக்கும் ஸ்பானர் எங்கே, வேன் சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அது ஏன் என்றும் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோயாளிக் கட்டிலும் வீல்சேரும் வாடகைக்கு விடுகிற நம் கடைக்கு நீ கட்டிக் கொடுத்த வெப்சைட்டை இறக்கிவிட்டு, மாதக் கட்டணம் கட்டி நாமே அடுக்கிக்கொள்கிற ரெடிமேட் வெப்சைட்டுக்குப் போகப் போகிறேன். வெப்சைட் முகவரி உன் பெயரில் பதிந்திருப்பதால் நீ பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் அது நடக்கும். சனிக்கிழமைக்குள் வேண்டும். படித்ததும் உனக்குச் சுருக்கென்று இருக்கும், எழுதுகிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. கோபப்படு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

போன மாதம் பதினோரு நாள் நமக்குப் பதிவே வராமல் போனது உனக்குத் தெரியும். வெப்சைட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் உங்கள் பதிவு ஏற்கப்பட்டது என்று பதில் போயிருக்கிறது, நம் மெயிலுக்கு மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. நாங்கள் வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டோம். அப்பா சும்மா இருந்த நேரத்தில் இருக்கிற வீல்சேர் சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டு, ஊரில் யாருக்கும் ஒன்றுமில்லை போலிருக்கிறது, நல்லதுதானே என்று ஜோக் வேறு அடித்தார். பதினேழு பேர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்பது வரைதான் உன்னிடம் சொன்னேன். அந்தப் பதினேழில் ஒருவர் கடைக்கே வந்ததைச் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன், சனிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏற்கப்பட்டது என்று நாம் சொன்னதை நம்பிப் பழைய கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது, கட்டில் வரவில்லை. ஞாயிறு நமக்குக் கடை பூட்டு. அந்த அம்மா தரையில் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறார், தரையிலிருந்து எழ முடியாமல் ஒவ்வொரு தடவையும் இவரும் மனைவியுமாகத் தூக்கியிருக்கிறார்கள், தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றார். ஒரு வார்த்தை கத்தவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏத்துக்கிட்டோம்னு போட்டிருக்கே, யாரும்மா ஏத்துக்கிட்டது?" என்று கேட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அப்பா அந்த நிமிஷமே கட்டிலை ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பதிவைப் போனில் மட்டும்தான் வாங்குகிறோம்.

இது எலும்பு வார்டு சிஸ்டர் காதுக்குப் போய்விட்டது. நம்மிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அவர் கை காட்டி அனுப்புகிறவர்கள்தான் என்று உனக்கே தெரியும். போன சனிக்கிழமை என்னை வரச்சொல்லி, நோயாளிகள் எதிரிலேயே, "உங்களை நம்பித்தான் வீட்டுக்கு அனுப்பறோம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சுன்னு வந்து சொல்லுங்க, இல்லேன்னா உங்க கார்டை இந்த மேஜையிலேருந்து எடுத்துடுவேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கார்டு போனால் கடையும் ஆறே மாதத்தில் போய்விடும்.

இனிமேல்தான் உன்னிடம் மறைத்தது வருகிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி தன் கடைக்கு ரெடிமேட் வெப்சைட்தான் வைத்திருக்கிறாள், சும்மா செய்துதான் பாருங்களேன் அக்கா என்று போன வாரம் என்னை உட்கார வைத்தாள். கேக் கடைக்கான மாதிரி ஒன்று கண்ணுக்கு லட்சணமாக இருந்தது, அதை எடுத்து நம் படங்களைப் போட்டேன். எல்லா எழுத்தையும் மாற்றிவிட்டேன் என்று நினைத்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினால், நோயாளிக் கட்டிலுக்குக் கீழே இன்றே ஆர்டர் செய்யுங்கள், கிரீம் எங்கள் அன்பளிப்பு என்று இருக்கிறது. அவர் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் மெஷினே நின்றுபோயிருக்கும். நானே தேடிப் பிடித்து இரண்டு நிமிஷத்தில் மாற்றினேன். கடைசியில் ஒரு மெயில் வந்தது, இது உங்கள் மெயில்தான் என்பதை உறுதி செய்ய இந்த லிங்கை அழுத்தவும் என்று. நான் வழக்கம்போல அழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, அதை அழுத்தலேன்னா பதிவு ஒண்ணுகூட உங்களுக்கு வராது" என்றாள். இதே மாதிரி மெயிலை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அழித்த மெயில்கள் கிடக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூன்று கிடந்தன. உன் வெப்சைட்டுக்கு மெயில் அனுப்பித் தருகிற கம்பெனியிலிருந்து வந்தவை. உறுதி செய்யாவிட்டால் இந்தத் தேதியோடு உங்களுக்கு மெயில் வருவது நின்றுவிடும் என்று தேதி போட்டு மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள். மெயிலில் எந்த லிங்க் வந்தாலும் தொடாதேம்மா, எல்லாம் திருட்டுப் பயல்கள் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாயே, அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கின பெருமையில் மூன்றையும் நானே அழித்திருக்கிறேன். இப்போது அழுத்திப் பார்த்தால் காலாவதியாகிவிட்டது என்கிறது.

ஆகவே உன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து நீ எழுதினதையெல்லாம் வரி வரியாகத் தேடினாயே, எங்கே தப்பு செய்தேன் என்றே தெரியவில்லையம்மா, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ என்று அழுதாயே, அது என்னால். போன வியாழக்கிழமையே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாய், நான் ம்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பேன், அதைப் பெற்ற மகளிடமே செய்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னேன். "முதல்ல அவகிட்ட உண்மையச் சொல்லு, அப்புறம் வெப்சைட்டைப் பத்திப் பேசு" என்று சொன்னவர்தான், அதோடு வாயை மூடிக்கொண்டார். அதில் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் இன்னொன்றும் சொன்னார், காரணம் தெரிந்துவிட்டதே, அவள் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவாள், பிறகு எதற்கு இறக்க வேண்டும் என்று. அதில்தான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. இன்றைக்கு ஐந்து நிமிஷம் சரி, நாளைக்கு வேறொரு கம்பெனி வேறொரு மெயில் அனுப்பும், எதை அழுத்த வேண்டும் எதை அழிக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கட்டிலின் வாடகையை மாற்ற வேண்டுமென்றால்கூட நீ விழித்திருக்கிற நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வெளியே ஒரு கம்பெனியையும் கேட்டுப் பார்த்தேன், கறுப்பு ஷூ பளபளக்க ஒருவர் வந்தார், உங்களுக்கென்றே தனியாகக் கட்டித் தருகிறோம், எட்டு வாரம், அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதிக் கேளுங்கள் என்றார். அதற்கு நீயே தேவலை, உன்னைத் திட்டவாவது செய்யலாம். ரெடிமேடில் குறை இல்லாமல் இல்லை. கட்டணம் நின்றால் எல்லாம் போய்விடும், வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாதாம், வாடகை வீடு மாதிரிதான். ஆனால் ஏதாவது நின்றுபோனால் என் கையாலேயே மாற்றலாம், முடியாவிட்டால் பகலில் கூப்பிட்டால் பேச ஆள் இருக்கிறது.

எதை இழக்கிறேன் என்று தெரியாமல் இதைச் சொல்லவில்லை. வாசல் அகலத்தைக் கேட்டு, படி எத்தனை என்று கேட்டு, இந்த வீல்சேர்தான் உங்கள் வீட்டுக்குள் நுழையும் என்று சொல்கிற பெட்டி உன்னுடையதில் மட்டும்தான் இருக்கிறது. ரெடிமேடில் அது வராது, நான்தான் ஒவ்வொருவரிடமும் போனில் டேப் எடுத்து அளந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பெட்டி அப்பா சொல்லி நீ செய்தது, அதனால்தான் அவருக்கு இவ்வளவு வருத்தம். முந்தின வேலை போய், நாலு மாதம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவள், ஒரு நாள் அளவு டேப்போடு கடைக்கு வந்து ஒவ்வொரு வீல்சேராக அளக்க ஆரம்பித்தாய். இந்த வெப்சைட்டைக் காட்டித்தான் இப்போதைய வேலையும் கிடைத்தது. அதை இறக்கச் சொல்கிறேன் என்றால் எனக்கு லேசாக இருக்குமா?

போன ஞாயிறு நான் கூப்பிட்டதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். நீ எடுத்தவுடன் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, "இப்ப என்ன உடைஞ்சிருக்கு?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பிறகு நாம் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்ட செய்திகளைப் போனில் பின்னால் தள்ளித் தள்ளிப் படித்தேன். படம் ஏறவில்லை, பட்டன் வேலை செய்யவில்லை, போன் நம்பரை மாற்று, அந்த வாக்கரை எடுத்துவிடு. எல்லாம் நான் எழுதியவை. நடுவில் ஓரிடத்தில், போன வருஷம், மூன்று நாளாகக் காய்ச்சல், எழ முடியவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நான் எழுதியிருப்பது, விலைப்பட்டியலை எப்போது மாற்றித் தருவாய் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்தேன், வார்டு சிஸ்டர் சொல்லி இல்லை. கடைக்கு வெப்சைட் யார் வேண்டுமானாலும் செய்து கொடுக்கட்டும், நீ எனக்கு மகளாக இரு, அது போதும்.

நீ எடுத்துக்கொண்ட காரியமெல்லாம் கைகூடி, உடம்பில் தெம்போடும் முகத்தில் சிரிப்போடும் நூறு வயசு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். நீ எழுதின வெப்சைட்டை அழித்துவிடாதே, உன்னிடமே பத்திரமாக வைத்துக்கொள், முகவரியை மட்டும் எனக்கு விடு. பாஸ்வேர்டைச் சனிக்கிழமைக்குள் அனுப்பு, மறந்துவிடாதே. அதோடு அந்தக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பதையும் எழுது. ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா