ஒரு சங்கு மலைமண்

சிலமலை
3.2.2025

அன்புத் தங்கை சுஜிதாவுக்கு, அக்கா காளீஸ்வரி எழுதுவது.

ஜீப்பு கவிழ்ந்து மண்டையில் அடிபட்ட உன் மாமாவை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூக்குக் குழாயில்தான் கஞ்சி. கண் திறந்திருக்கிறது, அசைவு இல்லை. சொந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மலையிலிருக்கும் ஏலக்காய்த் தோட்டம் இனி யாருக்கு என்று பேசுகிறார்கள். என் கொழுந்தன் திருப்பதி, "அண்ணன் எப்பவோ போயிட்டாரு மதினி, ஒடம்புதான் கெடக்கு" என்கிறான். தோட்டப் பேச்சு வந்தால் மட்டும் உன் மாமாவின் இடது கண்ணில் நீர் வழிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ தீவிர சிகிச்சை நர்சாக இருந்து என்ன புண்ணியம், அக்கா வீட்டுக்கு வர லீவு இல்லை.

அக்கா
காளீஸ்வரி

சென்னை
7.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே, அடுத்த ஞாயிறு வர்றேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டு மாமா பக்கத்திலேயே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அவருக்குக் கேட்கலாம், அக்கா. இப்படிக் கிடப்பவர்களிடம் "கையை மடக்குங்க, விரிங்க" என்று சொல்லி மூளையை ஸ்கேனில் சோதித்திருக்கிறார்கள். கை அசையவில்லை. ஆனால் நாலில் ஒருவருக்கு, சொன்னதை மூளை செய்திருக்கிறது. போன வருஷம் வந்த ஆராய்ச்சி. மாமா அந்த ஒருவரா என்று தெரியாது. நான் வந்து கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை அவர் முன்னால் சாவுப் பேச்சு வேண்டாம். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை மறந்துவிடாதே, நுரையீரலுக்குள் போய்விடும்.

உன் தங்கை
சுஜிதா

சிலமலை
26.2.2025

சுஜிதா,

உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். எழவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ வாங்கி அலமாரியில் போட்டிருக்கிறார்கள். எழவுக்கு வந்திருந்தபோது கடிதம் கிடைத்ததா என்று நீ ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

இழுத்துக்கொண்டு கிடக்கும் உயிருக்கு அது ஆசைப்பட்ட மண்ணைக் கரைத்து ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம்தானே. திருப்பதி தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்தான். கரைத்துச் சங்கில் எடுத்தேன். உன் மாமாவின் வாய் இறுகிக் கிடந்தது. அடிபட்ட நாளிலிருந்து அது திறந்ததே இல்லை. திருப்பதி அவர் காதருகே குனிந்து, "அண்ணே, மலை நெனப்புத்தான்னா வாயத் தெறங்க" என்றான்.

திறந்தார்.

"பாத்தீங்களா மதினி, கேட்டு வாங்குறாரு" என்றான். என் கையால்தான் ஊற்றினேன்.

கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்த அறையில் நான் யாரையும் பேச விடுவதில்லை. நீயும் இதைப் பற்றி இனி எழுதாதே. வந்து கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை நாங்களே கேட்டுவிட்டோம். சொன்னதைச் செய்தார்.

காளீஸ்வரி