நான் விழுந்த இடம்

நாற்பத்தாறு வருடம் பெயர் சொல்லாமல் 'என்னங்க' என்றே நான் கூப்பிட்ட என் அன்பானவருக்கு,

நம் பின்வாசல் கதவுக்குப் பூட்டு போட்டாயிற்றுங்க. தோட்டத்துக்குப் போக வேறு வழி ஏது? போட்டவன் நம் மகன் ஜெரோம். சாவி, காலையில் வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம்.

தவக்காலத் தொடக்கத்தில் நான் விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். சென்னையிலிருந்து ஓடி வந்தவன் இரண்டு நாள் இருந்துவிட்டு, இனித் தோட்டத்தில் காலே வைக்கக்கூடாது என்று சொல்லிப் போனான். "இல்லாட்டி எங்கூட வந்துடுங்கம்மா. ஆறாவது மாடிதான், லிஃப்டு இருக்குது." கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து வாரங்கள் ஆகின்றன. பூட்டை யாரும் திறக்கவில்லை.

சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சூளையில் வெடிப்பு விழுந்ததென்று, நீங்கள் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் ஒதுக்கிய வாஷ் பேசின்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக வைத்தீர்களே. தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது, செடிக்கு வேறென்ன வேண்டும் என்பீர்கள். அவற்றில் கத்திரியும் வெண்டையும் தலை தொங்கி நிற்கின்றன. செல்வி தண்ணீர் ஊற்றுவது தீயை அணைப்பது போல இருக்கும். "வேருக்கு ஊத்து, இலைக்கு இல்ல" என்று உள்ளிருந்தே சொல்கிறேன். "நீங்க உக்காருங்கம்மா, அண்ணன் என்னைத் திட்டுவாங்க" என்கிறாள்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஈஸ்டரே முடிஞ்சிட்டுது, உங்க செடிங்க மட்டும் இன்னும் நோன்பு இருக்குதா டீச்சரம்மா?"

மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"மண்ணுக்கா, உங்களுக்கா?" என்று சிரித்தாள். பூட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் ஒரு மணி நேரம் குனிந்து, நிமிர்ந்து, களை பிடுங்கி, மண்ணைக் கிளறிவிட்டுத்தான் காபி குடிப்பேன். பறித்த கீரை அன்றைக்கே சட்டிக்குப் போகும். அதுதான் இந்த உடம்பை ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. சர்க்கரை ஏறிவிட்டது. "வீட்ல என்னம்மா மாறிச்சு?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உங்களிடமும் மறைக்க முடியுமா? நான் தோட்டத்தில் விழவில்லைங்க. குளியலறையில் விழுந்தேன்.

சோப்புத் தண்ணீரில் வழுக்கியது. உடம்பில் துணியில்லாமல் ஈரத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்தேனோ. கான்வென்ட் விடுதியில் உள்பாவாடையோடு குளித்து வளர்ந்தவள் நான். ஒற்றைக் கையால் சேலையைச் சுற்றி, தலையை வாரிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மும்தாஜுக்குப் போன் செய்தேன்.

"எங்கம்மா விழுந்தீங்க?" என்று பெற்ற பிள்ளை கேட்டபோது அந்த இடத்தின் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. "தோட்டத்துல. பேசின் தடுக்கிடுச்சு" என்றேன். வேலை செய்யும்போது விழுந்தேன் என்பது எனக்கு கௌரவமாகத் தோன்றியது.

அவன் நான் சொன்னதை நம்பி, சொன்ன இடத்தைப் பூட்டினான். அவன்மேல் என்ன குற்றம்? நிஜமாக விழுந்த இடத்தில் தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறேன். சுவரில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடு என்றுகூடக் கேட்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால், அம்மா தனியாக இருக்கவே முடியாது என்று ஆறாவது மாடிக்கு ஒரேயடியாக அழைத்துப் போய்விடுவானா? அங்கே எனக்கு மண் ஏது?

உங்கள் நினைவு நாளுக்காக இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோயில் இதழுக்குக் கொடுக்கிறேன். அந்த இதழ் ஜெரோமுக்கும் தபாலில் போகிறது. இனி நான் பின்வாங்க முடியாது. ஆனால் அச்சில் படிப்பதற்கு முன் என் வாயால் அவன் கேட்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வான். குளியலறைக் கைப்பிடியை முதலில் கேட்பேன். தோட்டத்துச் சாவியை அப்புறம் கேட்பேன். அவன் கோபப்பட்டாலும், அழுதாலும், பெட்டியைக் கட்டச் சொன்னாலும், விழுந்த இடத்தை மறுபடி மாற்றிச் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவியும்
ஜெரோமின் தாயுமான
செலின்
விருத்தாசலம்