அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்

அக்கா,

இன்று நம் ஏலக்காய் ஸ்டோர் டிவியில் மறுபடியும் அந்த இசை கேட்டது. எங்கேயாவது குண்டு விழுந்ததைக் காட்டுவதற்கு முன்னால் போடுவார்களே, புதுப்படம் தொடங்குவதுபோல ஒரு அதிரடி, அதுதான். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கையிலிருந்த தட்டை அந்தத் திரைமேல் வீசலாம்போல இருந்தது. இப்போது வேறு நாடு, வேறு போர். இசை மட்டும் மாறவில்லை.

இதே இடத்தில்தான் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு நான் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு வாயே திறக்காது. தண்ணீர் குடிக்க எழுந்து போகவேண்டும் என்றால்கூட உன் சேலையைப் பிடித்து இழுப்பேன். "அவ பேச மாட்டா. நான்தேன் அவளுக்கு வாய். எனக்கு ரெண்டாளு கூலி குடுங்க" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்வாய். அவரே சிரித்துவிடுவார்.

நீ வேலைக்குப் போன நாட்டின் பெயரை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. டிவிக்காரர்கள் அதை வாய் நிறையச் சொல்லிச் சொல்லி, வெறும் சிவப்பு வட்டம் போட்ட வரைபடமாக ஆக்கிவிட்டார்கள். நீ போனில் காட்டியபோது அது அப்படி இல்லை. மாடியில் துணி காய்ந்தது. கீழே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். நீ கவனித்துக்கொண்ட, எழுந்து நடக்க முடியாத நஜ்லா அம்மாவை "இதுதேன் என் கெழவி" என்று காட்டினாய். அவருடைய பேரப்பிள்ளைகள் ஹாதியும் ரீமாவும் உன் தோள்வழியே எட்டிப் பார்த்து, நீ பழக்கிவிட்ட "அக்கா", "சோறு" என்ற இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டினார்கள். ரீமாவுக்கு முன்பல் விழுந்திருந்தது.

கடைசியாகப் பேசியபோது பின்னால் ஒரே இரைச்சல். தெருவே காலிசெய்துகொண்டிருந்தது. வந்துவிடு என்று உன் அம்மா அழுதார். "கெழவியத் தூக்கிக்கிட்டு இத்தன மாடி எறங்க முடியாதும்மா. பிள்ளைகளோட அம்மா ஆஸ்பத்திரி வேலையில இருந்து வரட்டும், எல்லாருமாக் கெளம்பிருவோம்" என்றாய்.

அந்த அம்மா வருவதற்குள் குண்டு வந்துவிட்டது.

அன்று இரவுச் செய்தியில், "தீவிரவாதிகள் பதுங்கிடம் மீது துல்லியத் தாக்குதல்" என்றார்கள். ஒரு கட்டிடம் அப்படியே உட்கார்ந்து இறங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். அது உன் கட்டிடம் என்று, அங்கே உனக்குத் தோழியாக இருந்த கேரளத்துப் பெண் மறுநாள் போனில் சொல்லித்தான் தெரிந்தது. நீ சாவதைச் சோற்றோடு பார்த்திருக்கிறோம், அக்கா.

துல்லியமாம். பதுங்கிடமாம். அந்தப் பதுங்கிடத்தில் நீ ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருப்பாய். வெடித்த காய் ஒன்று நல்ல காயோடு சேர்ந்துவிட்டால் நம் கணக்குப்பிள்ளை தட்டையே திருப்பி அனுப்புவார். அந்தச் செய்தியைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. டிவியில் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று பேசினார்கள். அந்த வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உன் அம்மா டிவியை அணைக்க விடவில்லை. "எம்மக பேரச் சொல்லுவாக" என்று அதன் முன்னாலேயே கிடந்தார். சொல்லவில்லை.

பிறகு ஒரு செய்தியாளர் போடிக்கு வந்தார். உனக்காக வரவில்லை. போரால் ஏலக்காய் ஏற்றுமதி என்னவாகும் என்று படம்பிடிக்க வந்தார். நம் பெண்கள்தான் உன்னைப் பற்றிச் சொன்னார்கள். உடனே வீட்டுக்கு வந்தார். உன் அம்மா அழுது முடித்ததும், மைக் சரியில்லை, இன்னொரு தடவை என்றார். அம்மா மறுபடியும் அழுதார். மகள் பெயர் வருமே என்றுதான்.

அப்போது நான் பேசினேன். நானே எதிர்பார்க்கவில்லை. "அந்த வீட்ல இன்னும் மூணு பேரு செத்தாக. ஹாதி, ரீமா, நஜ்லா அம்மா. அவுகளையும் சேத்துச் சொல்லுங்க."

"அது வேணாம்மா. அங்கன உள்ளவுகளச் சொன்னா வேற மாதிரி ஆயிரும். நம்ம புள்ளையோட நிறுத்திக்குவோம்" என்றார். ஆள் கெட்டவராகவும் தெரியவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்று மாலை உன் படம் வந்தது. பெயர் வரவில்லை. "தேனி மாவட்டப் பெண்" என்றார்கள். உன் முகத்துக்குக் கீழே அன்றைய ஏலக்காய் விலை ஓடியது. அதற்கடுத்து நகைக்கடை விளம்பரம்.

உன் உடலும் வந்து சேரவில்லை. போஸ்டராவது ஒட்டுவோம் என்று ஸ்டோர்ப் பெண்கள் முடிவுசெய்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, இறந்தவர் படமும் பெயரும், கீழே வருந்தும் உறவுகள் பெயரும் என்பதுதானே நம் வழக்கம். நான் உன் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அந்த மூவர் பெயரையும் போடச் சொன்னேன். அச்சகத்து அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இவுக என்ன முறை வேணும்?"

"தம்பி, தங்கச்சி. அது அவுக பாட்டி" என்றேன். நான்கு பெயரையும் ஒரே அளவில் அடித்துக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியதும் உன் அம்மாவைக் கூட்டிப்போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் சத்தமாக வாசித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் வாசித்தேன். நான் காட்டிய உன் பெயர்மேல் அம்மா கையை வைத்தார். பிறகு பிள்ளைகள் பெயர் எங்கே என்று கேட்டு, அதன்மேலும் வைத்தார்.

"இதுகளோட ஆத்தா இருக்காளா?"

இருக்கிறார், அன்று வேலைக்குப் போயிருந்தார் என்றேன்.

"அவகிட்ட யாரு போய்ச் சொன்னாக?"

அக்கா, இத்தனை பேர் இத்தனை நாள் அந்தப் போரைப் பற்றிப் பேசினார்கள். இதைக் கேட்க உன் அம்மா ஒருவர்தான் இருந்தார். அந்தப் போஸ்டர்மேல் இப்போது ஒரு கல்யாண போஸ்டர் ஒட்டியாயிற்று. அம்மாவின் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. எந்தப் போரைப் பற்றி யார் என்னிடம் பேச வந்தாலும், முதலில் அதைத்தான் கேட்கிறேன்.